எதிரில் உட்கார்ந்து கற்ற பின்னல்

பேருந்து நிலையத்தில் வாய் ஓயாமல் பேசுவதுதான் அவள் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை கூட்டத்தில் தனியாக நின்று அழுகிறது, எல்லாவற்றையும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்வாள். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளுக்கு வைத்த பெயர் மைக்கம்மா. ஊருக்கே வழி சொல்கிற அந்த வாய்க்குக் கூடப்பிறந்த அக்காவிடம் ஒரு வார்த்தை பேச வழி தெரியவில்லை. பேச்சு நின்று சில வருடங்கள் ஆகின்றன.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே கணவர் தவறிவிட்டார். அச்சகத்தில் புத்தகம் தைக்கிற வேலைக்குப் போய், தங்கையைப் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்துகொடுத்தாள். தலை பாதி நரைத்த பிறகு, அதே அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். "நீ வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும்டீ," என்று சொல்லும்போது கன்னம் சிவந்திருந்தது. மைக்கம்மாவோ, "இந்த வயசுல உனக்கு இது தேவையா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டுவிட்டாள். கையெழுத்துப் போடவும் போகவில்லை. பதிவு அலுவலகம் மூடுகிற நேரம்வரை அக்கா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, கடைசியில் எதிர்க்கடை டீ மாஸ்டரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினாளாம். அந்த நாலு பேர் யாரென்று மைக்கம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அவள் காய்ச்சலில் கிடந்தபோது அவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அக்கா வீட்டுக்குப் போகிற வண்டியையும் அவள்தான் தினமும் அறிவிக்க வேண்டும். 'பாலம் வழியாகச் செல்லும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது' என்று சொல்லும்போது மட்டும் குரல் லேசாக இறங்கும். அந்த வண்டியின் பின்கண்ணாடி வாசலைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் தானும் ஏறிவிட வேண்டும் என்று நினைப்பாள். ஏறி, இறங்கி, கதவைத் தட்டி, அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அந்த இடத்தில் நினைப்பு நொண்டியடிக்கும். அடுத்த வண்டியை அறிவிக்கப் போய்விடுவாள்.

இந்த நிலையில்தான் ஒரு துணிப்பை வந்து சேர்ந்தது. யாரோ வண்டியில் விட்டுவிட்டுப் போனது. உள்ளே நீல நிறக் கம்பளி நூல் உருண்டையும் இரண்டு பின்னல் ஊசிகளும். தொண்டை வறள அறிவித்தும் யாரும் வரவில்லை. தொலைந்த பொருளை வைத்திருக்க வேண்டிய நாட்கள் முடிந்ததும், நிலையத்தின் நேரக் காப்பாளர், "குப்பைக்குப் போறதுக்கு நீங்களே எடுத்துக்குங்க, மைக்கம்மா. மழைக்காலம் வருது, எனக்கு ஒரு மப்ளர் போட்டுக் குடுங்க," என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஊசியைக் கையில் எடுத்ததும் அவளுக்கு அக்கா ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட விடுமுறையில் அக்கா கற்றுக்கொடுத்த வேலை இது. மறந்துபோயிருக்கும் என்று பார்த்தால், விரல்கள் மறக்கவே இல்லை. ஊசியை நுழை, நூலைச் சுற்று, இழு, பழையதை நழுவவிடு. ஒவ்வொரு வளையமாக வரிசை ஏறியது. ஏறியதே தவிர, துணி விறைப்பாக அட்டை மாதிரி வந்தது. இழுத்தால் நீளவில்லை. அந்தக் காலத்தில் அவள் அக்காவுக்குப் பின்னிய குல்லாவும் இப்படித்தான். தலையில் ஏறவே ஏறாமல், கடைசியில் அக்கா அதைத் தண்ணீர் பாட்டிலுக்கு மாட்டி, பெருமையாக வேலைக்கு எடுத்துக்கொண்டு போனாள். அதை நினைத்துக் கூண்டுக்குள் தனியாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. ஒலிபெருக்கி அணைந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

விடுமுறை நாளில் கம்பளிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் வாயாடி, ஆனால் தொழிலில் புலி. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஒரு வளையத்தை ஊசி முனையால் விரித்துக் காட்டினார். அதன் இரண்டு கால்களும் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடந்தன.

"பாத்தீங்களா, எல்லாமே இப்படி முறுக்கிக்கிட்டு நிக்குது. நீங்க நூலை எதிர்ப்பக்கமா சுத்துறீங்க. இதைக் கத்துக் குடுத்தவங்க உங்களுக்கு எதிர்ல உக்காந்திருந்தாங்களா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடியில பாத்துத் தலை வாருற மாதிரிதான். அவங்க சரியாத்தான் சுத்தியிருப்பாங்க. எதிர்ல இருந்து பாத்த உங்களுக்கு அது தலைகீழாப் பதிஞ்சிருக்கு. பக்கத்துல உக்காந்து பாத்திருந்தா இந்தக் கோளாறே வந்திருக்காது."

அக்கா ஏன் எதிரில் உட்கார்ந்தாள் என்பது மைக்கம்மாவுக்கு நன்றாகவே தெரியும். தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க அக்காவுக்கு ஆசை. தப்பு செய்துவிட்டு இவள் உதட்டைக் கடிக்கும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

கடைக்காரர் பக்கத்தில் முக்காலியைப் போட்டுச் சரியான சுற்றைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. புதுத் துணி பஞ்சு மாதிரி வந்தது, இழுத்தால் நீண்டது. "அந்தப் பழைய துண்டைப் பிரிச்சுடுங்க மேடம், நூலாவது மிஞ்சும்," என்றார். பிரிக்க அவளுக்குக் கை வரவில்லை. அதை அப்படியே பையில் வைத்துக்கொண்டாள்.

கடையை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் பேருந்து நிலையத்துக்கு வந்தாள். கூண்டுக்குள் வேறொரு குரல் பாலம் வழியாகச் செல்லும் வண்டியை அறிவித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் யோசித்தால் கால் பின்வாங்கிவிடும் என்று தெரிந்து, ஓடிப்போய் ஏறினாள். நடத்துநர், "என்ன மைக்கம்மா, நீங்களே ஏறிட்டீங்க!" என்று கிண்டல் செய்தார். அவள் சில்லறையை எடுத்து நீட்டினாள்.

கதவைத் திறந்தது அக்கா இல்லை, அவர். இத்தனை காலமும் மைக்கம்மா 'அந்த ஆளு' என்றே சொல்லிவந்த மனிதர். காகிதத் தூள் படிந்த சட்டையோடு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று வண்டியில் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் காணாமல் போயின. கடைசியில் வாயில் வந்தது இதுதான்.

"மாமா... அக்கா இருக்காளா?"

அவர் கதவை அகலத் திறந்துவிட்டு, உள்ளே பார்த்து, "இங்க வந்து பாரு, யாரு வந்திருக்கான்னு," என்றார்.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நன்றாக இளைத்திருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். தங்கை எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசத்தானே வந்தாய், பேசு என்று மனது பிடித்துத் தள்ளியது. அவளோ பையிலிருந்து அந்த விறைத்த துண்டை எடுத்து நீட்டினாள்.

அக்கா அதை வாங்கி இழுத்துப் பார்த்தாள். நீளவில்லை. விரல்கள் வரிசைமேல் மெதுவாக ஊர்ந்தன.

"இன்னும் அதே தப்புதானாடீ?"

"அன்னிக்கு நான் வந்திருக்கணும்க்கா. நீ படியில நின்னுக்கிட்டிருந்தேன்னு சொன்னாங்க. வந்திருக்கணும்."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. துணியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"எதிர்ல உக்காந்துதான் எல்லாம் கோணலாப் போச்சு," என்றாள். "எழுந்து வா. இப்படி என் பக்கத்துல வந்து உக்காரு."