முன்னூறும் சேவல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் நான். ஆனால் பிறந்து ஒரு நாள் ஆன கோழிக்குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்த்தால், அது சேவலா பெட்டையா என்று கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவேன். என் நாத்தனார் கணவருடைய குஞ்சு பொரிப்பகத்தில் ஒன்பது வருஷம் எனக்கு அதுதான் வேலை. மணிக்கு எண்ணூறு குஞ்சு. எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் யாரும் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

நானே பண்ணை வைக்கிறேன் என்று சொன்ன அன்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீயா? சரி தங்கச்சி, குஞ்சு நானே அனுப்பறேன். முன்னூறும் பெட்டை. முட்டையிலேயே குளிக்கலாம் போ."

என் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கும் இரண்டு மகள்களுக்கும் பண்ணைக்காகப் போட்ட அந்தத் தகரக் கொட்டகைதான் சோறு. அது அவருக்கும் தெரியும்.

பெட்டி வந்தது. முதல் குஞ்சின் இறக்கையை விரித்தேன். சேவல். அடுத்ததும் சேவல். முன்னூறும் சேவல்! ஐந்து மாதம் தீனி போட்டு, ஒரு முட்டையும் காணாமல், அழுதுகொண்டு அவர் வாசலில் போய் நிற்பேன் என்று நினைத்திருக்கிறார். அதைவிட, இது என் கண்ணுக்குத் தப்பிவிடும் என்று நினைத்தாரே, அதுதான் என்னைச் சுட்டது. திருப்பி அனுப்பவில்லை. மூச்சும் விடவில்லை.

வெறும் முட்டை இனமாக இருந்தால் அந்தச் சேவல்கள் எலும்பும் தோலுமாக நின்றிருக்கும். இது முட்டைக்கும் கறிக்கும் ஆகிற இனம். அவசரத்தில் மனுஷர் அதை மறந்துவிட்டார். நாலே மாதத்தில் ஒவ்வொன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டரை கிலோ நின்றது. கறிக்கடைக்காரர்கள் என் வாசலுக்கு வந்தார்கள். நல்லதாக இருபதை இனம் பெருக்க வித்துக்கு நிறுத்திக்கொண்டு, மற்றதை விற்று, முட்டையிடும் பருவத்துப் பெட்டைகளை வெளியூரிலிருந்து இறக்கினேன்.

ஐந்தாம் மாதம் வேடிக்கை பார்க்க வந்தார்.

"என்ன தங்கச்சி, முட்டை எங்க?"

"உக்காருங்கண்ணே. ஒண்ணு வேணுமா, ரெண்டா? ஆம்லெட் போடறேன்."

சாப்பிடாமலே போய்விட்டார். எனக்கு அது போதவில்லை. காத்திருந்தேன்.

ஆறு வருஷம் கழித்து, தனிக் கொட்டகையில் அடைத்திருந்த அவருடைய சேவல்களை நோய் வாரிக்கொண்டு போனது. சேவல் இல்லாத முட்டையில் கரு ஏது? பொரிப்பு இயந்திரம் காலியாகக் கிடந்தது. வந்து நின்றார்.

"முப்பது சேவல் குடும்மா. வேற எங்கயும் கிடைக்கல. இல்லன்னா மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"காலைல வாங்கண்ணே. இருக்கறதுலயே நல்லதா தரேன்."

சொன்ன சொல் தவறவில்லை. இருந்ததிலேயே வாட்டசாட்டமான முப்பதைத்தான் பிடித்தேன்.

"அம்மா, இதெல்லாம் நம்ம வித்துச் சேவல்!" என்று மூத்தவள் பதறினாள்.

"கத்திய எடுத்துட்டு வாடி."

காலையில் வந்தவர், நான் எடுத்து வைத்த பெட்டியைத் திறந்தார். உரித்து, கழுவி, காலைக் கட்டி வரிசையாக அடுக்கியிருந்தேன்.

"முப்பதும் சேவல்தாண்ணே. நீங்க அனுப்பின மாதிரியே, ஒரு பெட்டைகூடக் கலக்கல. இறக்கைய விரிச்சுப் பாத்துக்கறீங்களா?"

பொரிப்பகம் அந்த வருஷமே மூடியது. நாத்தனார் இன்றுவரை என் முகத்தில் விழிப்பதில்லை. விழிக்க வேண்டாம். எனக்கு வருத்தமெல்லாம் அந்த முப்பது சேவல்களுக்காகத்தான். தங்கமான சேவல்கள்.