வாசலுக்கு வந்த சர்வே கல்

புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப் போகும் லாரியில் நான் கிளீனராக இருந்தபோது அக்கா போன் செய்தாள். மேலகரத்துக்குக் கிழக்கே சிற்றாற்றங்கரையில் இருக்கும் எங்கள் வீடு ஆற்றுப் புறம்போக்கில் இருக்கிறதாம். காலி செய்யச் சொல்லிக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம்.

நான் எட்டாவதோடு நின்றவன். குற்றாலம் சீசனில் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். ஹோட்டல்களில் மாவாட்டியிருக்கிறேன். செங்கோட்டைக்கு அப்பால் ரப்பர் தோட்டத்தில் இரண்டு மழைக்காலம் கிடந்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அந்த வீட்டில் சேர்ந்தாற்போல் ஒரு வருஷம் நான் தங்கியதில்லை. புருஷன் செத்த பிறகு அக்காவுக்கு அதை விட்டால் வேறு இடமில்லை.

வீட்டுக்குப் பின்னால் தென்னைகள், அதற்கும் பின்னால் ஆறு. கரையோரத்தில் எங்கள் எல்லையைக் காட்டும் சர்வே கல் நின்றது. ஆறு எங்கள் பக்கமாக அரித்துக்கொண்டே வந்தது. ஒரு வெள்ளத்தில் கல் சாயப் பார்த்தபோது அப்பா அதைத் தோண்டி எடுத்துக் கிணற்றடியில் நட்டார். கல் போனால் நிலம் போய்விடும் என்று பயந்தார். அடுத்த வெள்ளத்துக்கு அடுப்படிச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அவர் இறந்த பிறகு கிணற்றையே ஆறு தின்றது. அப்போது ஊருக்கு வந்திருந்த நான் கல்லைத் தோளில் தூக்கிவந்து முன்வாசல் வேம்படியில் நட்டேன். அக்கா வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் பூசினாள்.

ஆக்கிரமிப்புப் பார்க்க வந்த ஆட்கள் வேம்படியில் கல்லைப் பார்த்தார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம், வீடும் சேர்த்து, எல்லாம் ஆறு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா பதில் மனு கொடுத்தாள். அதில், கல் அப்பா காலத்திலிருந்து அசையாமல் இருக்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தாள். உறுதியாகச் சொன்னால் வீடு நிற்கும் என்று நம்பினாள்.

மறு அளவைக்குச் சர்வேயர் வந்தார். முதலில் புகார் கொடுத்த பக்கத்து மனைக்காரரும் வந்தார். போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். சீசனுக்கு லாட்ஜ் கட்டுகிறார். ஆற்றுக்கு இறங்க அவருக்குப் பாதை வேண்டும். எங்கள் வீடு குறுக்கே நிற்கிறது.

"ஏலே, நீ இன்னும் உசுரோடதான் இருக்கியா? அக்கா வீட்ட இடிக்கது வேடிக்கை பாக்க வந்தியாக்கும்?" என்றார்.

"லாரியில வந்தேன் அண்ணாச்சி. இடிச்சா சாமான ஏத்தணும்லா" என்றேன்.

சர்வேயர் எங்கள் நிலத்தின் அளவைப் படத்தை விரித்துப் பார்த்தார். வேம்படிக் கல்லைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"ஆறு இப்ப எங்க ஓடுதுன்னு நான் பாக்க வரல. படத்துல உங்க எல்லை எங்க இருக்குன்னு பாக்கணும். இந்தக் கல் படத்துல இருக்கற இடத்துல இல்லையே. யாரு நகத்துனது?"

அக்கா, "யாரும் தொடலைங்க" என்றாள்.

"தொடலைன்னா நோட்டீஸ்ல தப்பில்லன்னுதான் நான் எழுதணும்மா. நகத்துனா அது குற்றம். யார்னு எழுத்துல வேணும்."

நான்தான் என்றேன்.

பக்கத்து மனைக்காரர் சிரித்துவிட்டார். "சர்வீஸ்ல எத்தனையோ களவாணிப் பயலுவளப் பாத்திருக்கேன். தன் வீட்டுக் கல்லத் தானே களவாண்டு தன் வாசல்லயே வச்சவன இன்னைக்குத்தாம்லே பாக்குதேன்."

தெருமுனையிலும் கோயில் மதிலருகிலும் அசையாத பழைய கற்கள் இருந்தன. அவற்றிலிருந்து சர்வேயர் டேப் பிடித்தார். ஒரு முனையை நான் பிடித்தேன். வெயில் ஏறியது. வீடு எங்கள் பட்டாவுக்குள் விழுந்தது. அடுப்படியும் உள்ளேதான் வந்தது. டேப் அதற்கு மேலும் நீண்டு, கரையைத் தாண்டித் தண்ணீருக்குள் போனது. இடுப்பளவு ஆழத்தில் நான் நின்ற இடத்தில் சர்வேயர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கல் இருக்கவேண்டிய இடம் அதுதான்.

"தண்ணி ஓடற இடமும் பட்டாவுல உங்க பேர்லதான் இருக்கு. அதுக்காக மண்ணக் கொட்டி மேடாக்கிறாதீங்க. அப்புறம் அதுக்கு வேற நோட்டீஸ் வரும்" என்றார்.

நோட்டீஸை நிறுத்திவைக்க அவர் எழுதுவார். கல்லை நகர்த்தியதற்கு என்மேல் விசாரணை வரும். கூப்பிட்டால் வரவேண்டும். தண்ணீர் வற்றியதும் கல்லை நட நானே கூட இருக்கவேண்டும். அதுவரை வெளியூர் போகமாட்டேன் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலு வரி எழுத வெகுநேரம் ஆனது. பக்கத்து மனைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். பார்ப்பார்.

எல்லாரும் போன பிறகு அக்கா கேட்டாள்: "அப்பா பேர எழுதுனியாலே?"

"இல்ல. மூணு தடவையும் நாந்தான்னு எழுதிட்டேன்."

அவள் உள்ளே போய் எனக்கும் சேர்த்து அரிசி போட்டாள். நான் ஈர வேட்டியோடு வாசலில் உட்கார்ந்து லாரிக்காரருக்குப் போன் செய்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். ஆறு வற்றுகிறவரைக்கும் என்றேன். அவருக்குப் புரியவில்லை.