ஹீட்டர் போட்ட வேன்

குளிர் பார்க்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கொழும்பிலிருந்து அவ்வளவு தூரம் குளிருக்காகவே நுவரெலியா வருவார்கள். வேனில் ஏறிய மறுநிமிடம் கண்ணாடியை ஏற்றி ஹீட்டரைப் போடச் சொல்வார்கள். சம்பளத்துக்கு ஓட்டுகிற டிரைவர் நான், போட்டுத்தானே ஆக வேண்டும்?

அவர்களுக்கென்ன, பின்னால் சாய்ந்து தூங்கலாம். எனக்கு முதலில் பாதம் சூடாகும். பிறகு தோள் தளரும். கொட்டாவிகூட வராது. முகத்தில் ஈரக்காற்று அடித்தால் எவ்வளவு தூரமும் ஓட்டுவேன். அந்த வெதுவெதுப்பில் பாழாய்ப்போன தூக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடும்.

இதில் இன்னொரு கொடுமை, வீட்டில் எனக்குத் தூக்கமே கிடையாது. பூண்டுலோயாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பரா, மனைவி கொழுந்து பறிப்பதால் கிடைத்தது. கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கை போகிற சந்து. துணி அடைத்துப் பார்த்தாயிற்று, தோட்ட ஆபீசில் சொல்லியும் பார்த்தாயிற்று. இருக்கிற கம்பளியைப் பிள்ளைகளுக்குப் போர்த்திவிட்டு நாங்கள் இருவரும் விடியும்வரை முடங்கிக் கிடப்போம். தூங்க வேண்டிய இடத்தில் குளிர், விழித்திருக்க வேண்டிய இடத்தில் சூடு. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

போன மழைக்காலத்தில் ஒரு குடும்பத்தைக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். மதியச் சோறு சாப்பிட்ட கையோடு கிளம்பினோம். ஹீட்டர் ஓடியது. இறம்பொடை வளைவுக்கு முன்னால் கடைசியாகப் பார்த்தது ஒரு மரக்கறிக் கடை. அடுத்து நான் பார்த்தது எதிரே வெறும் ஆகாயம். பிரேக்கை மிதித்தேன். முன் டயர் புல்லில் ஏறி நின்றது; அதற்கப்பால் பள்ளம். பின்சீட்டில் அம்மா மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ரிவர்ஸ் போட்டு வேனை ரோட்டுக்கு இழுத்தேன்.

குழந்தையின் அப்பா என்ன ஆயிற்று என்று கேட்டார். பொய் சொல்ல மனசு வரவில்லை.

“சூட்டுல கண்ணு சொக்கிருச்சுங்க சார். ஹீட்டர நிப்பாட்டிக்கிறேங்க.”

ஹீட்டரை நிறுத்தச் சொன்னார். கண்டியில் இறங்கியதும் வேன் முதலாளிக்குப் போன் போட்டார். தூங்குகிற டிரைவர் தனக்கு வேண்டாம் என்று முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். சூடு உடம்பை அசத்துவதைப் பற்றிச் சொன்னேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“உண்மைய ஏங்க சொன்னீங்க? நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல” என்றாள் மனைவி. அவள் சொன்னதும் சரிதான். அவள் கூலியில் மட்டும் அடுப்பெரிந்த நாட்கள் அவை. முதலாளியின் கையைக் காலைப் பிடித்து மறுபடி சாவி வாங்கினேன். இன்னொரு புகார் வந்தால் அவ்வளவுதான் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

இப்போது பச்சை மிளகாய் கடிக்கிறேன், தொடையைக் கிள்ளிக்கொள்கிறேன். ஒன்றும் உதவுவதில்லை. யாரிடமும் சொல்வதும் இல்லை.

நாளைக்கு மறுபடியும் கண்டி ஓட்டம். வரப்போகிற அம்மா இன்று போனில் பேசினார். கைக்குழந்தை இருக்கிறதாம், ஹீட்டர் வேலை செய்யுமா என்று கேட்டார்.

“நல்லா வேலை செய்யுதுங்க” என்றேன்.