கலாவதிக்குப் பொன்னாடை

அன்று பார்த்துக் கலாவதியின் கார் மெக்கானிக்கிடம் போய்ப் படுத்துக்கொண்டது. டாலஸுக்கு வடக்கே உள்ள ஆலனிலிருந்து தெற்கு டாலஸில் இருக்கும் ஆபீஸுக்கு யார் கூட்டிப்போவது? தமிழ்ச் சங்கத் தலைவர் ராமசுப்ரமணியன் அங்கிள் முந்திக்கொண்டார். அவருக்கும் அன்று அங்கே ஒரு காரியம் இருந்தது. கலாவதி வேலை பார்க்கும் அறக்கட்டளையில் சங்கத்துக்கு நிதி கேட்கப் போகிறார்.

"சீட் ஹீட்டர் போட்டிருக்கேன், சூடா இருக்காம்மா? மூணு லெவல் இருக்கு."

"ஒண்ணே போதும் அங்கிள்."

"அப்ளிகேஷன்ல 'வசதி வாய்ப்பற்ற சமூகம்'னு போட்டிருக்கேன். சரிதானே?"

கலாவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் வீட்டு நீச்சல்குளத்துத் தண்ணீர் சரியாகச் சூடாவதில்லை என்று போன வாரம் புலம்பிய சங்கச் செயலாளர் அவள் நினைவுக்கு வந்தார்.

"ஃப்ளையர் பார்த்தியோ? வாட்ஸ்அப்ல போட்டாச்சு."

சனிக்கிழமை பொங்கல் விழா. 'அறக்கட்டளை நிதியைப் பெற்றுத் தந்த கலாவதிக்குப் பொன்னாடை.' கீழே அவளுடைய பாஸ்போர்ட் போட்டோ. நம்ம ஆள் உள்ளே இருந்தால் காரியம் முடிந்த மாதிரிதான் என்பது சங்கத்தின் சித்தாந்தம்.

அறக்கட்டளையின் பிறப்பிடம் வெர்லின் டிட்வெல் என்ற கறுப்பினப் பெண்மணியின் சலூன். தலை பின்ன வந்த பெண்கள், யார் வீட்டில் கஷ்டம் என்று பேசிப் பேசி, கண்ணாடிக்குக் கீழே ஒரு ஜாடியில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டார்கள். அந்த ஜாடி வளர்ந்து வளர்ந்து இன்று ஒரு மாடி முழுக்க ஆபீஸ். பெரிய கம்பெனிகள் தேடிவந்து செக் நீட்டுகின்றன. யாருக்குக் கொடுப்பது என்பதை மட்டும் இன்றும் அந்தப் பேட்டைக்காரர்கள்தான் வட்டமாக உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். விசாச் சிக்கலில் வருஷக்கணக்காக வீட்டில் கிடந்த கலாவதியை, 'இத்தனை நாள் என்ன செய்தாய்?' என்று கேட்காமல் வேலைக்கு எடுத்த ஒரே இடம் அது. அங்கே பொய் சொல்ல அவளுக்கு வாய் வராது. இங்கே உண்மையைச் சொன்னால் ஆலனில் தலைகாட்ட முடியாது.

தப்பிக்க ஒரு வழி வைத்திருந்தாள். ஆபீஸ் சேர்ந்ததும் வெர்லினிடம் போய், "இவர் எங்க ஆளு. இவர் மனுவைப் பேசும்போது நான் வெளியே இருக்கேன்" என்றாள்.

வெர்லின் சிரித்தார். "கண்ணு, இங்கே யாருக்கு யார் சொந்தமில்லை? எல்லாரும் வெளியே போயிட்டா நாற்காலிங்கதான் முடிவு பண்ணணும். என் சலூன்ல முதுகுக்குப் பின்னால பேச விட்டதே இல்லை. உட்காரு. அவர் முகத்தைப் பார்த்து, தெரிஞ்சதைச் சொல்லு."

வட்டத்தில் நிதி கேட்டு முதலில் பேசியவர் குழந்தைகள் காப்பகம் நடத்துபவர். ஹீட்டர் செத்துவிட்டது, பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமல் படிக்கிறார்கள் என்றார். அடுத்து அங்கிள் பண்பாடு, பரதம், பாரம்பரியம் என்று முழங்கினார். பிறகு எல்லோரும் கலாவதியைப் பார்த்தார்கள். மகளின் அரங்கேற்றத்தைப் பார்க்கும் அப்பாவைப்போல அங்கிள் தலையசைத்து உற்சாகப்படுத்தினார்.

அவள் முதுகில் கார் சீட்டின் சூடு இன்னும் ஆறவில்லை.

"இவர் நல்லவர். இன்னிக்கு என்னைக் கார்ல கூட்டிட்டு வந்தார். அந்தக் கார்ல சீட்டே சூடாகும். எங்களுக்கு இந்த நிதி வேண்டாம்."

நிதி காப்பகத்துக்குப் போனது. மாலை ஐந்து மணிக்கு ஆலன் பக்கம் போகிற கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஃப்ரீவேயில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். இறங்கி ஓடிவிடலாம், ஓடி எங்கே போவது? பாதி வழியில் அங்கிள் ஆரம்பித்தார்.

"சூடு போடட்டுமா? இல்ல, அதையும் வட்டத்துல வெச்சுக் கேட்கணுமா?"

"சாரி அங்கிள்."

"சாரி எதுக்கு? ஃப்ளையரை ஊரே ஃபார்வர்ட் பண்ணிடுத்து. சால்வையும் வந்தாச்சு. சனிக்கிழமை மேடைல வாங்கிக்கோ."

"நான் எதையும் வாங்கித் தரலையே!"

"அது நமக்குத் தெரியும். மத்தவாளுக்கு எதுக்கு? நல்ல பட்டுப்புடவையா கட்டிண்டு வா. உன் கையில மட்டும் மைக்கைத் தர மாட்டேன்."

சொல்லிவிட்டு அவரே கையை நீட்டி பட்டனை அழுத்தினார். மூன்றாவது லெவல்.