ராயக்கோட்டையில் கவிழ்த்து வைத்த போன்

ராயக்கோட்டை ரயில்வே ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் டி.வி. போர்ச் செய்தி சொல்கிறது. பெஞ்சில் பக்கத்திலிருக்கும் பெண்ணின் போன் ஒளிர்கிறது. கப்பல் தளத்தில் வெள்ளைச் சீருடைக்காரரோடு அவரும் குழந்தையும் நிற்கிற படம்.

"வீட்டுக்காரர் நேவிங்களா? எந்தக் கப்பல்?" என்று கேட்கிறேன்.

போனை மடியில் கவிழ்க்கிறார். "இல்லீங்க. ஓசூர்ல கம்பெனி வேலை. அது கம்பெனி டூர்ல எடுத்தது."

என் பையை, செருப்பை, முகத்தை மேலும் கீழும் பார்க்கிறார். "எதுக்குக் கேக்கறீங்க? நீங்க எந்த ஊரு?"

சும்மாதான் என்கிறேன். நம்பாமல் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்கிறார். இவ்வளவு பச்சையாகப் பொய் சொல்கிறாரே என்று எனக்கும் சந்தேகம்.

டி.வி.யில் கடற்படைக் கப்பல்கள் வருகின்றன. கடைக்காரர் பாட்டுக்கு மாற்றப் போகிறார்.

"அண்ணா, மாத்தாதீங்க." அந்தப் பெண் எழுந்து நிற்கிறார்.

உடனே என்னைத் திரும்பிப் பார்க்கிறார். நான் பார்வையை டீ கிளாசுக்குத் திருப்பிக்கொள்கிறேன்.