மாடியக்காவின் பதினாறாம் நம்பர்

அந்த ஓட்டலுக்கு நூற்றிருபது வயதுக்கு மேல். அதன் மூன்றாம் மாடியில் இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரித்து, தரை துடைத்து, குளியல் தொட்டி தேய்த்தவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டுக்கு வெளியே அது புழங்கவில்லை. எல்லோருக்கும் அவள் மாடியக்கா. நீலக் கோட்டில் குத்தியிருந்த பித்தளை வில்லையில் அவள் நம்பர், பதினாறு என்று போட்டிருக்கும்.

தங்கியவர்கள் மறந்துவிட்டுப் போவதை நோட்டில் எழுதி, அன்றே கீழே ஒப்படைத்துவிடுவாள். வைரத் தோடு, பாஸ்போர்ட், ஒரு தடவை முழுப் பல்செட்.

"பல்லை விட்டுட்டு அந்த மனுசன் காலையில எதைத்தான் மென்னாரோ!" என்று வீட்டில் சிரித்தாள்.

"எங்க வார்டுல கட்டைக்காலையே விட்டுட்டுப் போயிருக்காங்க, நீ வேற" என்றார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கணவர்.

படப்பிடிப்புக்காரர்கள் அவளுக்குப் புதிதல்ல. பெரிய மாடிப்படியில் வாரம் தவறாமல் கல்யாண ஜோடிகள் போட்டோவுக்கு நின்றார்கள். சினிமாக்காரர்கள் வந்து போனால் சுவரில் ஒட்டிய டேப்பின் பசையை நாலு நாள் சுரண்ட வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே சுரண்டுவாள்.

ஒரு தடவை, கழுத்தில் வாக்கி-டாக்கி தொங்க, உதவி இயக்குநர் பெண் ஒருத்தி அவளைத் தேடி வந்தாள்.

"அக்கா, எங்க ஹீரோயின் இந்த ஓட்டல்ல வேலை செய்யற பொண்ணா நடிக்கறாங்க. படுக்கை விரிக்கச் சொல்லிக் குடுங்களேன்."

மாடியக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விரிப்பின் மூலையை எப்படி மடிக்க வேண்டும், தலையணையை எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். நடிகையும் நல்ல பெண். தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டாள். நடிகைக்கு வாங்கிய கோட் புதுசாகவே தெரிகிறது, உங்களுடையதைத் தாருங்கள் என்று உதவி இயக்குநர் பெண் கேட்டபோது, மாடியக்கா கழற்றியும் கொடுத்தாள். வில்லை அதிலேயே இருந்தது.

மறுநாள் காலை, பதினோராம் எண் அறை வாசலில் கும்பலோடு நின்று எட்டிப் பார்த்தாள். நடிகை அழகாக மூலை மடித்தாள். பிறகு கதவைத் திரும்பிப் பார்த்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துக் கோட் பையில் போட்டுக்கொண்டாள். கேமரா அந்த வில்லைக்கு அருகில் போனது. பதினாறு.

 அடுத்த நொடி மாடியக்கா அறைக்குள் நின்றாள்.

"நிறுத்துங்க! யாரைத் திருடிங்கறீங்க?"

மேனேஜர் ஓடி வந்தார். "இது வெறும் கதைம்மா. எதுக்கு இப்படிக் குதிக்கற?"

"கதைன்னா கதைக்கு ஒரு கோட் தச்சுக்கட்டும். என் கோட் எதுக்கு? என் நம்பர் எதுக்கு?"

"யாரு நம்பரைப் பாக்கப் போறா?"

"அப்ப உங்க கோட்டைக் கழட்டிக் குடுங்க சார். மேனேஜர் திருடறார்னு எடுக்கட்டும். யாரு பாக்கப் போறா?"

விளக்குப் பிடித்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜரின் முகம் சுண்டிப்போனது. நடிகைதான் வில்லையைக் கழற்றி அவள் கையில் வைத்தாள். இயக்குநர் தன் கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

படப்பிடிப்பைக் கெடுத்ததற்காக மாடியக்காவை ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தார்கள். திருடாதவளுக்குத் தண்டனை!

படம் வந்தது. வில்லை இல்லை; திருட்டு இருந்தது. படம் ஓடு ஓடென்று ஓடியது. அந்தக் காட்சியைப் பெரிய படமாகச் சட்டம் போட்டு, மூன்றாம் மாடி நடையிலேயே மாட்டினார் மேனேஜர். அந்தப் பதினோராம் எண் அறையைக் கேட்டு வாங்கித் தங்க வந்தவர்கள், அவள் துண்டு மாற்ற நுழைந்தால் சிரித்துக்கொண்டே பெட்டியைப் பூட்டினார்கள். ஒருநாள் ஒரு கணவனும் மனைவியும் செல்போனை நீட்டினார்கள்.

"அந்த இழுப்பறையில கைய வச்சு நில்லுங்களேன். ஒரே ஒரு போட்டோ."

"மாட்டேன்" என்றாள்.  துண்டு வண்டியை நடையிலேயே விட்டாள்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். "அந்தப் படத்தை இறக்குங்க." பார்க்கலாம் என்றார் அவர். மறுநாள் காலை, மூன்று மாடிகளிலும் அறை துடைக்கும் ஒன்பது பெண்கள் அவர் வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தியும் வாளியைத் தொடவில்லை. பத்து மணிக்குத் தங்க வந்தவர்கள் கீழே சத்தம் போடத் தொடங்கினார்கள். பத்தேகாலுக்குப் படம் இறங்கியது.

ஆனால் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. மாடியக்காவும் விடுவதாக இல்லை. மேனேஜர் எதிரே வரும்போதெல்லாம் வழிமறித்து, "சார், என்கிட்ட ஒண்ணு சொல்லணுமே நீங்க?" என்று கேட்கிறாள். இப்போதெல்லாம் அவர் மூன்றாம் மாடிக்கு வருவதே இல்லை.