மூன்றாவது மழையும் அம்மாவின் தீர்த்தமும்

மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கடலிலிருந்து என்று எங்கள் ராயபுரத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் கொஞ்சம் அதிகப்பிரசங்கி. மேகத்தில் கிருமியும் இருக்கிறது, சில வகைக் கிருமிகளின் மேல் நீர் சட்டென்று உறைந்து, அந்தப் பனித்துகள் பெருத்து, கீழே வரும்போது உருகி மழையாகிறது என்பேன். ஆராய்ச்சிக்கும் அதைத்தான் எடுத்திருந்தேன். எங்கள் மொட்டைமாடியில் மூன்று மழை பிடிக்க வேண்டும். இரண்டு கிடைத்துவிட்டன. டிசம்பர் முடியப்போகிறது, மூன்றாவது தவறினால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

அன்று மதியம் நான் திருவொற்றியூரில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு போன் செய்தேன். மாடியில் கிருமி நீக்கிய கிண்ணம் இருக்கிறது, மேலே மூடிய அலுமினியத் தாளை மட்டும் எடு, உள்ளே கை படவே கூடாது என்றேன்.

"நான் இன்னா கொயந்தையா? வையி போன."

நான் ஓடி வந்து சேர்ந்தபோது முகமூடி, கையுறை, தலையில் துண்டு என்று அம்மா மாடிப்படியில் நின்றிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கை படலியே?"

"ஐய, படவே இல்ல. தீர்த்தம் தெளிச்சேன், தொறந்தேன், உள்ளாறயும் ரெண்டு சொட்டு, அவ்ளோதான்."

எங்கள் வீட்டில் புது வலையானாலும் புது குக்கரானாலும் மாதாகோயில் தீர்த்தம் தெளிக்காமல் தொடமாட்டார்கள். என் ஸ்கூட்டர் சொட்டச் சொட்ட நனைந்துதான் தெருவுக்கே வந்தது. தெரிந்தும் எச்சரிக்காதது என் தப்பு. ஆனால் கத்தினேன்.

"ஊரே கை நனைச்ச தண்ணிம்மா அது! அதுல இல்லாத கிருமியா?"

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "உனக்கு நல்லா வரணும்னுதான்டி..."

பையில் ஒரே ஒரு கிண்ணம் மிச்சமிருந்தது. மழையோ தூறலாகிவிட்டது. கிண்ணத்தைத் திறந்து வைத்துவிட்டு இருவரும் நனைந்துகொண்டு நின்றோம். பத்து நிமிடம் போயிருக்கும், கடல் பக்கம் கறுத்தது. கொட்டியது பாருங்கள், அப்படி ஒரு மழை! அம்மா கையுறையோடு கைதட்டினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"போடி, கிண்ணத்தப் பாரு."

மறுநாள் ஆய்வகத்தில் சொட்டுகளைக் குளிர்தட்டில் வைத்தேன். சுத்தமான நீர் இன்னும் நீராகவே நிற்கும் குளிரில், எங்கள் மழைச்சொட்டுகள் ஒவ்வொன்றாக வெளுத்து உறைந்தன. அதே மழைநீரைக் கொதிக்கவைத்து எடுத்த சொட்டுகள் உறைய மறுத்தன. சூடு தாங்காத ஒன்றுதான் உறைய வைத்திருக்கிறது. நான் தேடிய கிருமியின் அடையாளம் அதுவே. வராந்தாவுக்கு ஓடி அம்மாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அந்தக் கிருமி எங்கேர்ந்துடி மேல போவுது?"

"இலை, மண்ணு, கடல் நுரை... எங்கேர்ந்து வேணா காத்துல ஏறும்மா."

"நம்ம தெருவுலேர்ந்தும்?"

"போயிருக்கலாம்."



"நம்ம பக்கத்துலேர்ந்து மணலி கம்பெனிப் பொகை மட்டுந்தான் மேல போவுதுன்னு நெனச்சுகினு இருந்தேன்" என்றாள்.

பிறகு போனை வைக்காமலே எதிர்வீட்டு அக்காவைக் கூவி அழைத்தாள்.

"யக்கா! மழ பெய்யிறதுக்கு நம்ம தெருவுலேர்ந்தும் ஆளு போவுதாம்! எம் பொண்ணு கண்டுபுடிச்சிகீறா!"

நான் அப்படிக் கண்டுபிடிக்கவே இல்லை. திருத்த வாயெடுத்தேன், மனம் வரவில்லை.